எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருந்த பஸ்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தேன். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பிரசவத்துக்குப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் பஸ்ஸில்தான் போக வேண்டும். அதனால் டிரைவர் என்றால் கடைத்தெருவில் ஒரு மரியாதை இருந்தது. காலையில் கிளம்புகிற முதல் வண்டி என்னுடையது. அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் எந்த இடத்தில் பள்ளம், எந்தத் திருப்பத்தில் மாடு குறுக்கே வரும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும்.

ஒரு ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மருதையாற்றுப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரியின் முன்டயர் வெடித்தது. லாரி எங்களை நோக்கித் திரும்பியது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். லாரி பஸ்ஸின் பக்கவாட்டை உரசிவிட்டு நின்றது. என் வண்டியின் முன்சக்கரம் ஒன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய்த் தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாலை இல்லை. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மீதியை என் கண்டக்டர் பார்த்துக்கொண்டான். உயரமான ஆள், வாய் ஓயாதவன். அன்றைக்கு அந்த வாய்தான் எல்லோரையும் காப்பாற்றியது.

"யாரும் ஓடாதீங்க. முன்னாடி இருக்கவங்க மொதல்ல எறங்கணும். பின்னாடி இருக்கவங்க அப்படியே உக்காருங்க, உங்க கனத்துலதான் வண்டி நிக்கிது."

அவன் சொன்னபடியே முன்சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் நகர்ந்து இறங்கினார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கயிறு கொண்டுவந்து வண்டியின் பின்பக்கத்தை அந்த லாரியோடு சேர்த்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பின்சீட்டுக்காரர்கள் இறங்கினார்கள். கடைசியாக நான். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஒரு பாட்டிலில் கொண்டுவந்த நல்லெண்ணெய் கொட்டிப் போனதற்காக ஒரு அம்மாள் அழுதார். அவ்வளவுதான் சேதம் என்று ஊரே பேசியது.

முதலாளி ஷெட்டில் வைத்து எனக்கு மாலை போட்டார். கடைத்தெருவில் டீ குடித்தால் காசு வாங்க மறுத்தார்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் இரண்டு கையும் நடுங்கத் தொடங்கின. குளிரில் நடுங்குகிற மாதிரி இல்லை. யாரோ என் கையைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெட்டின் சுவர்தான் இருந்தது. எனக்குத் தண்ணீர் தெரிந்தது. சட்டை முழுதும் நனைந்துபோக, கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "கொஞ்ச நாளு ஷெட்டுலயே இருப்பா" என்றார். டயருக்குக் காற்று பார்ப்பது, வண்டி கழுவுவது, ஆயில் ஊற்றுவது என்று என் நாள் போனது. என் வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவார். நான் ரிவர்ஸ் பார்த்துச் சொல்வேன். டீக்குக் காசு வாங்க மறுத்தவர்களுக்கு இப்போது என்னைப் பார்த்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய வலி. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. கருப்பு கோயிலில் கயிறு கட்டினார்கள். கட்டிய கயிறும் கையோடு சேர்ந்து நடுங்கியது.

என் மனைவி ரவிக்கை தைக்கக் கொடுக்கும் இடம் கடைவீதிக்குப் பின்சந்தில் இருந்தது. அங்கே தைத்த பெண்ணை ஊரில் பர்மா டைலர் என்பார்கள். என் வயதுதான் இருக்கும். அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட குடும்பம். எடுத்துவர முடிந்தது தையல் மெஷினின் தலைப்பகுதி மட்டும்தானாம். அதற்கு இங்கே வந்து கால் வாங்கி மாட்டியிருந்தார். என் மனைவி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம காலைல கடலை மில்லுல கொஞ்சப் பேரு கூடி உக்கார்றாங்களாம். டைலரம்மா உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"உக்காந்து?"

"சும்மா உக்கார்றதுதானாம்."

"நானே இப்ப ஷெட்டுல சும்மாத்தானே உக்காந்திருக்கேன்."

"அங்க தனியா உக்காந்திருக்கீங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நிலக்கடலை உடைக்கிற மில். அன்றைக்கு மெஷின் ஓடாது. முன்னால் பெரிய சிமெண்டுக் களம், மேலே தகரக் கொட்டகை. காற்றில் கடலைத் தோல் மணத்தது. மில் வைத்திருந்த பாய், காலி சாக்குகளை உதறி வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர், வெங்காய மண்டியில் மூட்டை தைக்கும் பெண்கள் சிலர், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி. யார் எந்தத் தெரு என்று பெரம்பலூரில் எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெருக்காரரும் காலனிக்காரரும் ஒரே சாக்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னால் பஸ்ஸில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

டைலரம்மா என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டிரைவர்ண்ணே, சொல்லிக் குடுக்க எனக்கு ஒண்ணும் தெரியாது. ரங்கூன்ல எங்க தெருவுல ஒரு மடம். அங்க எல்லாரும் கூடி உக்காந்து மூச்சைப் பாப்போம். இங்க வந்து தனியா உக்காந்து பாத்தேன், தூக்கம் வந்துருது. இல்லன்னா அழுகை வருது. கூட நாலு பேரு வேணும். அதுக்குத்தான் எல்லாரையும் கூப்புட்டேன்."

"மூச்சைப் பாக்குறதுன்னா?"

"உள்ள வருது, வெளிய போவுது. அதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். மனசு எங்கயாச்சும் போயிரும். போனது தெரிஞ்சா திட்டாம திரும்பிக் கூட்டிட்டு வரணும். அவ்ளோதான்."

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கடலை நிரம்பிய டப்பாவில் செருகினார். அது எரிந்து முடியும்வரை உட்கார வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். மூடிய உடனே ஆறு வந்துவிட்டது. பிரேக்கை அழுத்துகிற மாதிரி என் கால் சாக்கை அழுத்தியது. கண்ணைத் திறந்து எழுந்திருக்கப் போனேன். பக்கத்திலிருந்த டைலரம்மா கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னார்.

"மூட முடியலன்னா தெறந்தே வெச்சுக்குங்க. போயிடாதீங்க."

போகவில்லை. கண்ணைத் திறந்தபடி மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு மூச்சில் வயிறு ஏறி இறங்கியது. ஒருவருக்குத் தோள் அசைந்தது. கம்பவுண்டர் தூங்கி வழிந்து நிமிர்ந்தார். மூட்டை தைக்கும் பெண் ஒருத்தியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேர் பேசாமல் இருப்பதை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அந்த அமைதியில் பயம் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாலை போட்ட நாளிலிருந்து யாரும் என்னைப் பார்க்காமல் என்னோடு இருந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தடுத்த வாரங்களிலும் போனேன். மில்காரர் பாயும் எங்களோடு வரிசையில் உட்காருவார். "எங்க பள்ளில தொழுகை முடிஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்ல, அது மாதிரி இருக்கு" என்பார். யாரும் யாருக்கும் எந்தச் சாமியையும் சொல்லவில்லை. மழைக்காலம் போய்ப் பனி வந்தது. எப்போது கண்ணை மூடத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆறு வரும். வந்ததும் டைலரம்மா சொன்ன மாதிரி, ஆறு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். பக்கத்து ஆளின் மூச்சுச் சத்தம் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு என் மூச்சுக்குத் திரும்புவேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஆறு ஜெயித்துவிடும். களத்தில் உட்கார்ந்தால் நான் ஜெயிப்பேன். கூட்டமாக உட்காருவதில் ஏதோ இருக்கிறது. இன்றைக்கும் அதை விளக்க எனக்குத் தெரியாது.

என் கண்டக்டருக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "கண்ண மூடிக்கிட்டு ஓட்டப் பழகுறியா? அதுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டான் மச்சான்" என்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்து, "கௌம்பலியா, நேரமாச்சு" என்று என்னை எழுப்பிவிடுகிறவனும் அவன்தான்.

தை பிறந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. யாருக்கும் சொல்லாமல் ஷெட்டில் நின்ற என் வண்டியில் ஏறினேன். செல்ஃப் அடித்தேன். என்ஜின் சத்தம் கேட்டதும் கை ஆடத் தொடங்கியது. மூச்சைப் பார்க்கலாம் என்றால் மூச்சே வரவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போய் நேராகச் சொல்லிவிட்டேன்.

"டைலரம்மா, இது சாக்குல உக்காந்தாத்தான் வேலை செய்யுது. சீட்டுல உக்காந்தா வேலை செய்யல. நான் இனிமே வரல."

அவர் கத்திரிக்கோல் தழும்பு விழுந்த விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"நிறுத்தணும்னு பாத்தீங்களா, நடுங்குறதப் பாத்தீங்களா?"

 பாய் குறுக்கே பேசினார். "ஏம்மா, அவரு சாக்குல உக்காந்தப்ப நாம எல்லாரும் கூட இருந்தோம். சீட்டுல உக்காந்தப்ப யாரு இருந்தா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைலரம்மா எழுந்து புடவையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டார்.

"ஷெட்டு எம்புட்டு தூரம்?" என்று கேட்டார்.

நடந்தே போனோம். என் வண்டியை ஓட்டுகிறவர் அன்றைக்கு லீவு என்பதால் வண்டி ஷெட்டிலேயே நின்றது, கண்டக்டர் மட்டும் இருந்தான். டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், கும்பலாக நாங்கள் வருவதைப் பார்த்து வாயைத் திறந்தான். டைலரம்மா விரலை உதட்டில் வைத்தார். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் வாயை மூடினான். எல்லோரும் நிறுத்தி வைத்திருந்த என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். மண்டிப் பெண்கள் லேடீஸ் சீட்டில். கம்பவுண்டர் ஜன்னல் ஓரம். சிமெண்ட் ஆலைக்காரர் தன் மனைவிக்குப் பக்கத்தில். பாய் படிக்கட்டுக்குப் பக்கத்தில். என் மனைவி எனக்கு நேர் பின்னால். டைலரம்மா ஊதுபத்தியைக் கொளுத்தி என்ஜின் மூடி ஓரத்தில் செருகிவிட்டு முன்சீட்டில் அமர்ந்தார். நான் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கில் கை வைத்தேன்.

கை நடுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வந்தது. நிறுத்தப் பார்க்கவில்லை. நடுங்குவதைப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கி, முழங்கைக்கு ஏறி, தோளில் போய் முடிகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை மாதம் என்னோடு இருந்த நடுக்கத்தை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பின்னால் எல்லோரும் மூச்சு விடும் சத்தம் வண்டிக்குள் கேட்டது. ஓடுகிற பஸ்ஸில் அது ஒருநாளும் கேட்காது. நானும் அவர்களோடு விட்டேன், அவர்களோடு இழுத்தேன். நடுக்கம் பெரிதாகி, சிறிதாகி, மறுபடியும் பெரிதாகி, பிறகு விரலில் மட்டும் நின்றது. தண்ணீர் இருந்த இடத்தில் ஷெட்டின் சுவர் தெரிந்தது. சுவரில் யாரோ காவிக் கட்டியால் கிறுக்கியிருந்த மாடு ஒன்று தெரிந்தது.

ஊதுபத்தி முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.  நான் செல்ஃப் அடித்தேன்.

என்ஜின் உறுமியதும், படியில் ஏறி நின்ற கண்டக்டர் பழக்க தோஷத்தில் விசில் ஊதிவிட்டான். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது. ஷெட்டை விட்டு வெளியே எடுத்து, முன்னால் இருந்த வெட்டவெளியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். வேப்பமரத்தைத் தாண்டித் திரும்பும்போது கேட்டில் முதலாளி நிற்பதைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. வண்டிச் சத்தம் கேட்டுச் சந்தையிலிருந்து வந்திருக்கிறார். வண்டியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"யாரு வண்டிய எடுத்தது?"

"நான்தான் முதலாளி."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதிப் பேர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள்லாம் யாரு? என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"பாசஞ்சருங்கதான் முதலாளி" என்றான் கண்டக்டர். "எங்கயும் போகலியாம். சும்மா உக்காந்திருக்காங்க."

முதலாளி ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, "இன்னொரு சுத்து போ, பாக்கலாம்" என்றார். இன்னொரு சுற்றுப் போனேன்.

அவர் அவசரப்படவில்லை. மாசி மாதம் முழுதும் காலி வண்டியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, துறையூர் ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் என்னை ஓட்ட வைத்தார். கை சில நாள் ஆடும், சில நாள் ஆடாது. ஆடினால் ஆடுகிறது என்று தெரிந்துகொண்டே ஓட்டினேன். ஆட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று கை கற்றுக்கொண்டது. அரியலூர் பக்கம் மட்டும் அவர் என்னைத் திருப்பவில்லை. பங்குனியில் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழம பழைய டிரிப்பு எடு. அன்னிக்குக் காலைல கூட்டம் கம்மியா இருக்கும். மனசுல பாரம் இருக்காது."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் வரும் நேரத்தில் வண்டியைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டம் கம்மியாக இல்லை. பாய் முதலில் ஏறினார். அவருக்குப் பின்னால் கம்பவுண்டர், மண்டிப் பெண்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், சாக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்த எல்லோரும். சிமெண்ட் ஆலைக்காரரும் மனைவியும் முந்தின நாளே வந்து பாய் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். தூக்குவாளிகள், ஒரு கூடை வாழைப்பழம், தண்ணீர்ச் செம்பு.

"எங்க போறீங்க எல்லாரும்?" என்று கேட்டேன்.

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான்" என்றார் டைலரம்மா. "ஞாயித்துக்கிழம உக்காரணும்ல. இன்னிக்குச் சோழபுரத்துல உக்காருவோம்."

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கை ஓய்ந்துபோனான். வண்டி கிளம்பியது. வழியில் ஏறினவர்கள், ஏதோ கல்யாண வண்டி என்று நினைத்துக்கொண்டு பெண் வீட்டாரைத் தேடினார்கள். பேச்சும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஆறு நெருங்கியபோது தானாகவே அடங்கியது. யாரும் யாரையும் அடக்கச் சொல்லவில்லை. வழியில் ஏறினவர்களும் ஏனென்று தெரியாமல் பேச்சை நிறுத்தினார்கள்.

பாலத்தில் உடைந்த இடத்தைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். அந்தத் துண்டு மட்டும் வெளுப்பாக இருந்தது. சுண்டுவிரல் தொடங்கியது. தொடங்குகிறது என்று பார்த்தேன். முழங்கைக்கு ஏறியது. ஏறுகிறது என்று பார்த்தேன். பின்னாலிருந்து அவர்கள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை, என்ஜின் சத்தத்தில் எப்படிக் கேட்கும். ஆனால் அவர்கள் விடுகிறார்கள் என்று தெரியும். அது போதுமாக இருந்தது. வண்டி அதே வேகத்தில் பாலத்தைத் தாண்டியது. ஆற்றில் தண்ணீரே இல்லை. பங்குனி வெயிலில் மணல் பளபளத்தது. இரண்டு பேர் அதில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பாலம் முடிந்ததும் கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினான், மூச்சு முட்டும் வரை ஊதினான். வண்டியே கை தட்டியது. வழியில் ஏறின ஒரு பெரியவர், "என்னய்யா, யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே தானும் தட்டினார். என் மனைவி அழுததைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் ஹாரனை அழுத்தினேன். எதிரே மாடும் இல்லை, ஆளும் இல்லை. சும்மா அழுத்தினேன், மறுபடியும் அழுத்தினேன்.

அரியலூரில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். ஜெயங்கொண்டத்தில் டீ. சாலையோரம் முந்திரி பூத்திருந்தது. சோழபுரத்தில் வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் திபுதிபுவென்று இறங்கிக் கோயிலுக்குள் போனார்கள். வண்டி திரும்புவதற்கு நேரம் இருந்தது. பெரிய நந்தியின் நிழலில் துண்டுகளை விரித்து உட்கார்ந்தோம். கண்டக்டர் தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பேசாம இருக்கணும், அவ்ளோதானே?" என்றான் காதோடு.

"அவ்ளோதான்."

"செத்தேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினான். ஊதுபத்தி அணையும்வரை அவன் அசையவில்லை. கிளிகள் கோபுரத்தில் கத்திக்கொண்டிருந்தன. நான் அன்றைக்கு மூச்சைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. சந்தோஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறது, போகிறது, மறுபடியும் வருகிறது.

பிறகு தூக்குவாளிகளைத் திறந்தார்கள். புளிச்சோறு, பாய் வீட்டு இடியாப்பம், வாழைப்பழம். கோயிலுக்கு வெளியே வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண், கூடையோடு வந்து எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க விசேஷம்? நேர்த்திக்கடனா?"

"இல்லம்மா" என்றார் பாய், என்னைக் காட்டி. "இவரு பெரம்பலூர்லேர்ந்து பஸ்ஸு ஓட்டிக்கிட்டு வந்தாரு."

அவள் என்னையும் பார்த்தாள், கூட்டத்தையும் பார்த்தாள்.

"அதுக்கா இத்தன பேரு வந்தீங்க?"

"அதுக்குத்தான்" என்றார் டைலரம்மா. கூடையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சு எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி, அவளையே எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் கையைக் கழுவிக்கொண்டு, வாயில் வெள்ளரிப் பிஞ்சோடு, என் வண்டியைப் பார்த்து நடந்தேன்.